சிறு கருவியும் பெரு விசையும்

யானை உருவிற் பெரியது. அதனைச் செலுத்தும் அங்குசமோ ஒருவன் கையில் அடங்கும் சிறு கருவி. அங்குசம் யானையை இழுப்பதில்லை, தள்ளுவதும் இல்லை. பாகனின் கருத்தை யானைக்கு அறிவிப்பதே அதன் தொழில். நடப்பதும் சுமப்பதும் யானையின் வலிமையாலேயே நிகழ்கின்றன. இவ்வாறு வலிமை ஓரிடத்தும், அதனை ஏவும் அறிவு மற்றோரிடத்தும் அமைந்திருப்பதை இயந்திர உலகிலும் காணலாம். அதற்குத் தக்க சான்றாக ஒரு விளையாட்டுப் பெட்டியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அமெரிக்கா முதலிய நாடுகளில் ஆர்வலர் பலர் தம் இல்லங்களில் தாமே செய்துகொள்ளும் பின்பால் பெட்டியே அது.

ஆணிகள் அறைந்த சாய்பலகையில், சிறு குண்டொன்று மேலிருந்து உருண்டு வந்து ஆணிகளில் மோதிக் குழிகளில் விழும் விளையாட்டை நீங்கள் ஆடியிருப்பீர்கள். பகட்டெல் என்னும் பெயரால் பிரான்சு நாட்டில் வழங்கிய விளையாட்டின் வழிவந்தது அது. 1871-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர், குண்டினை வில்விசையால் ஏவும் தண்டு ஒன்றை அப்பலகையில் அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1931-இல் சிகாகோ நகரத்துக் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘பேபிள் பால்’ என்னும் பெட்டி கடைதோறும் இடம்பெற்றது. அக்காலத்தில், குண்டை ஏவிய பின்னர் ஆடுவோன் செய்யத்தக்கது மிகச் சிறிதே. பெட்டியை மெல்ல இடித்துக் குண்டின் போக்கைச் சற்று மாற்றலாம், அவ்வளவே.

1947-இல் அந்நிலை மாறியது. அவ்வாண்டில் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்னும் பெட்டியில், பிளிப்பர் எனப்படும் தட்டுகோல்கள் ஆறு இருந்தன. ஆடுவோன் பொத்தானை அழுத்தியதும் மின்காந்தச் சுருள் ஒன்று உயிர்பெற்றுத் தட்டுகோலை வெடுக்கென இழுக்கும். கீழே விழ வந்த குண்டு மீண்டும் மேலே பாயும். வீழ்ச்சியைத் தடுக்கும் உரிமை ஆடுவோன் கைக்கு வந்தது. பின்னர், 1970-களில், அதுவரை ரிலேக்களும் சுழல்சக்கரங்களும் ஆற்றிவந்த கணக்கிடும் தொழிலை நுண்செயலிகள் ஏற்றுக்கொண்டன. 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, பல நிற விளக்குகள், மணியோசை, சுருள்களின் அதிர்ச்சி ஆகிய யாவும் ஒருங்கே கூடி ஆடுவோரைக் கவர்ந்தன.

இத்தகைய பெட்டிகள் விலை மிக்கவை. நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை உடையவை. புகழ்பெற்ற வில்லியம்சு நிறுவனம் 1999-இல் பின்பால் தொழிலைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு, ‘விசுவல் பின்பால்’ என்னும் நிரல் வெளிவந்தது. பழைய பலகைகளைக் கணிப்பொறித் திரையில் ஓவியமாக அமைத்து ஆடுவதற்கு அது வழிசெய்தது. ஆர்வலர்கள் மரப்பெட்டி செய்து, பலகை இருக்கவேண்டிய இடத்தில் தொலைக்காட்சித் திரையைக் கிடையாகப் பதித்து, மற்றொரு திரையை எதிரே நிமிர்த்தி நிறுத்தினர். பக்கங்களில் பொத்தான்களை வைத்தனர். இதனால் ஒரே பெட்டியில் பல ஆட்டங்களை ஆட முடிந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. திரையில் ஓடும் குண்டு உருவமே அன்றிப் பொருள் அன்று. அதற்கு எடை இல்லை. அது மோதும்போது மரம் அதிர்வதில்லை. ஆடுவோன் உள்ளங்கையில் எதுவும் உறைப்பதில்லை. இக்குறையை நீக்க விரும்பியோர், திரையின் அடியில் உண்மையான மின்காந்தச் சுருள்களைப் பொருத்தினர். திரையில் இடப்பக்கத் தட்டுகோல் அசையுங்கால் பெட்டியின் இடப்பக்கத்துச் சுருள் அடிக்கும். ஒருபுறம் எடை மிகுந்த சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் பெட்டி முழுவதையும் குலுக்கும். விளக்குகள் மின்னும். இவற்றையெல்லாம் திரையின் நிகழ்ச்சிகளோடு பிழையின்றி இணைப்பது யாது? அதுவே நம் பாடத்தின் பொருளாகிய மைக்ரோகண்ட்ரோலர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்பர்.

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லினுள் அடங்கிய சிறு கணிப்பொறி. கணக்கிடும் உறுப்பும், நினைவில் வைக்கும் உறுப்பும், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகளும் அதில் உள்ளன. அம்முனைகளில் மின்னழுத்தத்தை ஏற்றலாம், இறக்கலாம், வெளியிலிருந்து வருவதை அறியலாம். எம்முனையை எப்பொழுது ஏற்றுவது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதை நாம் எழுதும் நிரல் தீர்மானிக்கிறது.

இக்கருவிகளுள் பெரிதும் பரவியது ஆர்டுயினோ. இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் 2005-இல் அது தோன்றியது. மின்னணுவியல் பயிலாத மாணவரும் குறைந்த செலவில் கருவிகளைச் செய்து பழக வேண்டும் என்பதே அதனைச் செய்தோர் நோக்கம். அந்நிலையத்தில் பயின்ற எர்னாண்டோ பராகன் என்னும் மாணவர் 2003-இல் தொடங்கிய ‘ஒயரிங்’ என்னும் முயற்சி அதற்கு அடிப்படையாயிற்று. ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையில் 14 இலக்க முனைகள் உள்ளன. அதன் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கிறது. பின்பால் பெட்டிகளுக்கென்றே அமைந்த ‘பின்சுகேப்’ என்னும் திறந்தமூல நிரல், ‘கே.எல்.25 இசட்’ என்னும் வேறொரு சிறு பலகையில் இயங்குகிறது. அப்பலகையில் அசைவை அளக்கும் உணர்கருவியும் உண்டு. ஆடுவோன் பெட்டியை மெல்ல இடித்தால், அவ்வசைவை அளந்து கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. திரையில் உள்ள குண்டும் அதற்கேற்ப விலகுகிறது.

இனி, இக்கருவி விளக்குகளை ஆளும் முறையைக் காண்போம். கருவியின் முனை அறிந்தவை இரண்டே, ஏற்றல், இறக்கல். அங்ஙனமாயின் விளக்கை மங்கலாக எரிப்பது எவ்வாறு? எரியும் கொள்ளியை விரைந்து சுழற்றினால் கண்ணுக்கு நெருப்பு வட்டம் தோன்றுகிறது அன்றோ? கொள்ளி எவ்விடத்தும் நிலைத்து நிற்கவில்லை. கண்தான் அதனை வட்டமாகக் கொள்கிறது. அதுபோல, விளக்கை நொடிக்குச் சில நூறு முறை ஏற்றி அணைத்தால் கண் அந்தச் சிமிட்டலை அறியாது. ஏற்றிய நேரம் மிகுந்தால் ஒளி மிகும். குறைந்தால் ஒளி மங்கும். ஆர்டுயினோ ஊனோவின் பெரும்பாலான ஒளியாளும் முனைகள் நொடிக்கு ஏறத்தாழ 490 முறை இவ்வாறு சிமிட்டி, 0 முதல் 255 வரை 256 படிகளில் ஒளியை மாற்ற வல்லவை.

பெட்டியின் விளிம்பில் நூறு விளக்குகளை வரிசையாக வைக்க விரும்பினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தல் இயலாது. அதற்கென ‘டபிள்யு.எஸ். 2812’ என்னும் விளக்குமணி உள்ளது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளும், அவற்றை ஆளும் சிறு சில்லும் அதனுள் அடங்கியுள்ளன. நுண்கட்டுப்படுத்தி ஒரே கம்பியில் செய்திக் குறிகளைத் தொடர்ந்து அனுப்புகிறது. முதல் மணி, முதலில் வரும் 24 குறிகளைத் தனக்கென எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை அடுத்ததற்குக் கடத்துகிறது. பந்தியில் இருப்போர், தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு பாத்திரத்தை அடுத்தவரிடம் கொடுப்பது போன்றது இது. ஒரு குறிக்கு 1.25 மைக்ரோ நொடி; ஒரு மணிக்கு 30 மைக்ரோ நொடி; நூறு மணிகளுக்கு மூன்று மில்லி நொடி. கண் இமைப்பதற்குள் வரிசை முழுவதும் நிறம் மாறிவிடும்.

இங்கும் அளவறிந்து செய்தல் வேண்டும். ஒரு மணி மூன்று ஒளியும் முழுமையாக எரிய ஏறத்தாழ 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் கொள்ளும். நூறு மணிகள் 6 ஆம்பியர் கொள்ளும். கணிப்பொறியின் சாதாரண யு.எஸ்.பி. வாயில் வழங்குவதோ அரை ஆம்பியர் அளவே. எனவே விளக்குகளுக்குத் தனி மின்வழங்கி வேண்டும். அதன் எதிர்முனையும் நுண்கட்டுப்படுத்தியின் எதிர்முனையும் ஒன்றாக இணைந்திருத்தலும் வேண்டும். இல்லையேல் அனுப்பும் குறிகளின் ஏற்ற இறக்கத்தை விளக்குகள் அறிய இயலாது. மேலும், நொடிக்கு 3 முதல் 30 முறை வரை பளிச்சிடும் கடுமையான ஒளி, சிலருக்கு வலிப்பு நோயைத் தூண்டக்கூடும். ஆதலின், பளிச்சிடும் விளக்கை அமைப்போன் அழகை மட்டும் எண்ணாமல், எதிரில் நிற்பவரையும் எண்ணுதல் கடனாகும்.

விளக்கினும் வலிய பொருள் சுருள். 24 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் ஒரு சுருளின் மின்தடை 5 ஓம் எனக் கொள்வோம். அதில் பாயும் மின்னோட்டம் 4.8 ஆம்பியர். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனை தீங்கின்றி வழங்கத்தக்கதோ 20 மில்லி ஆம்பியர் அளவே. இரண்டிற்கும் இடையே 240 மடங்கு வேறுபாடு உண்டு. சுருளை நேரே முனையில் இணைத்தால் கருவி அழியும். ஆகவே மாஸ்பெட் என்னும் ஒருவகை டிரான்சிஸ்டர் இடையே நிற்கிறது. ஏரியில் எவ்வளவு நீர் நிறைந்திருப்பினும், மதகின் திருகைத் திருப்புவோன் நீரைச் சுமப்பதில்லை, வழியைத் திறந்துவிடுகிறான், நீர் தன் விசையாற் பாய்கிறது. அதுபோல, நுண்கட்டுப்படுத்தி தரும் சிறு மின்னழுத்தம் மாஸ்பெட் என்னும் மதகைத் திறக்கிறது; சுருளுக்குரிய பெருமின்னோட்டம் தன் மின்வழங்கியிலிருந்து பாய்கிறது.

மதகை மூடும்பொழுது ஓர் இடர் உண்டு. சுருளில் பாயும் மின்னோட்டம் திடீரென நிற்பதற்கு உடன்படாது. அதனைச் சூழ்ந்திருந்த காந்தப்புலம் ஒடுங்கும்போது சில நூறு வோல்ட் வரை மின்னழுத்தம் எழுந்து மாஸ்பெட்டைத் துளைத்துவிடக் கூடும். ஏரி நிரம்பி வழியுங்கால் கரை உடையாமற் காப்பது கலிங்கு. அத்தகைய கலிங்காகச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடு அமைக்கப்படுகிறது. சுருள் இயங்கும்போது அது மூடியிருக்கும். மதகு மூடிய கணத்தில் அதுவே வழியாகி, எஞ்சிய மின்னோட்டத்தைச் சுருளுக்குள்ளேயே சுழன்று அடங்கச் செய்யும். சிறு விலையுள்ள டயோடு இல்லாமையால் பெருவிலையுள்ள பலகைகள் அழிதல் உண்டு.

இதனினும் பெரிய இடர் ஒன்று உளது. ஆட்டம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. ‘சுருளை ஏற்றுக’ என்னும் கட்டளை கணிப்பொறியிலிருந்து வந்துவிட்டது. ‘இறக்குக’ என்னும் கட்டளை வருமுன் கணிப்பொறி உறைந்து நின்றுவிடுகிறது. கருவி என் செய்யும்? தனக்கு வந்த கடைசிக் கட்டளையையே அது காத்து நிற்கும். இருபதில் ஒரு பங்கு நொடி இயங்கும் சுருளில் வெளிப்படும் ஆற்றல் 6 ஜூலுக்கும் குறைவு; அதே சுருள் ஒரு நிமிடம் இடைவிடாது இயங்கினால் 6,900 ஜூலுக்கு மேல். கம்பியின் மேற்பூச்சு உருகும், புகை எழும், சூழ்ந்திருப்பதோ மரப்பெட்டி. விளையாட்டாகத் தொடங்கியது வீட்டிற்கே தீமையாய் முடியக்கூடும். கருவி பகைமையால் இதனைச் செய்யவில்லை. ‘எப்பொழுது நிறுத்துவது’ என்பதை அதற்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

ஆதலின் அறிவுடையோர் பல காவல்களை அமைக்கின்றனர். முதற் காவல் கால வரையறை. கணிப்பொறி யாது கூறினும் கூறாவிடினும், குறித்த நேரம் கடந்ததும் சுருளை நிறுத்துமாறு நுண்கட்டுப்படுத்தியின் நிரலிலேயே எழுதிவைத்தல் அது. நெடுநேரம் தூக்கிப் பிடிக்கவேண்டிய தட்டுகோற் சுருளாயின், தொடக்கத்தில் முழு விசையும், பின்னர்ப் பிடித்து வைப்பதற்குப் போதிய சிறு விசையும் அளிக்கலாம். பின்சுகேப் நிரலில் இவ்வகை ஏற்பாடு உள்ளது. இரண்டாவது காவல் கருவியினுள்ளேயே அமைந்த கண்காணிப்புக் கடிகாரம். இரவுக் காவலன் நாழிகைதோறும் குரல் கொடுக்க வேண்டும். குரல் கேளாவிடின் அவன் உறங்கிவிட்டான் என்று அறியலாம். அவ்வாறே நிரல் குறித்த இடைவெளிதோறும் தன் விழிப்பை அறிவிக்க வேண்டும். தவறினால் கடிகாரம் கருவியை மறுபடி தொடங்கச் செய்யும்.

மறுபடி தொடங்கும் அந்தச் சிறு பொழுதில் முனைகள் கட்டளையற்று நிற்கும். அப்பொழுதும் மதகு மூடியே இருக்கும்படி, மாஸ்பெட்டின் வாயிலை எதிர்முனையோடு ஒரு மின்தடையால் இணைத்து வைப்பர். தலைவன் இல்லாப் பொழுது கதவு தானே தாழிட்டிருத்தல் போன்ற காவல் இது. இறுதிக் காவல் உருகி. சற்றுப் பொறுத்து உருகும் வகையைத் தக்க அளவில் தெரிந்து வைத்தால், கணநேர மின்னோட்டத்தைத் தாங்கும். இடைவிடாத மின்னோட்டத்தில் உருகிச் சுற்றை அறுக்கும். நிரலில் பிழை நேரலாம், சில்லு பழுதுறலாம், உருகியோ ஒருவர் கட்டளைக்கும் காத்திராமல் தன் கடமையைச் செய்யும்.

இத்தனை நுட்பங்களையும் இல்லத்தில் தனித்திருந்து முயலும் ஒருவர் எவ்வாறு அறிந்தார்? ஒரு காலத்தில் தொழிற்சாலைகளே அறிந்திருந்த செய்திகள் இவை. இன்று இவற்றைச் செய்தோர் தம் சுற்றுப்படங்களையும், உறுப்புப் பட்டியலையும், நிரலையும் யாவரும் காண வெளியிடுகின்றனர். எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கும் தரலாம். இதுவே திறந்தமூலம் எனப்படும். பழைய நூலைப் பதிப்பிக்கும் புலவர், ஓர் ஏட்டை மட்டும் நம்பாமல் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து நல்ல பாடத்தைத் தெளிவர். அவ்வாறே ஒருவர் எழுதிய நிரலைப் பலர் படிக்கின்றனர்; ஒருவர் கண்ணிற் படாத பிழை மற்றொருவர் கண்ணிற் படுகிறது; திருத்தம் யாவர்க்கும் பயன்படுகிறது. அண்டை வீட்டார் உறங்கும் இரவில் ஓசை தரும் சுருள்களை மட்டும் நிறுத்தி, ஆட்டத்தை அமைதியாக நிகழ்த்தும் ஏற்பாடும் பின்சுகேப் நிரலில் உண்டு. ஒருவர் எண்ணிச் செய்த நன்மை இவ்வாறு ஊர்பேர் அறியாப் பலர் இல்லங்களுக்கும் சென்று சேர்கிறது.

திறந்து வைத்த அறிவுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. இத்தகைய படைப்புகளின் உரிமப் பத்திரங்கள் பல, முதலிற் செய்தவர் பெயரை மறைத்தல் கூடாது என்கின்றன. விளையும் கேட்டிற்குத் தாம் பொறுப்பல்லர் என்றும் செய்தவர்கள் அவற்றிற் கூறுகின்றனர். பிறர் எழுதியதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து வைத்துக்கொள்வோன், அதிலுள்ள கால வரையறை எதற்கென்று அறியான். ஆட்டம் விரைவாக வேண்டுமென்று அதனை நீக்கியும் விடுவான். பொருளுணர்ந்து படித்தவனோ, ஒவ்வொரு வரியும் எக்கேட்டைத் தடுக்க எழுந்தது என்பதை அறிவான். பொதுவில் வைத்த அறிவு, கற்பவனுக்குத் துணை. கல்லாது கையாள்பவனுக்கு அதுவே இடையூறாகவும் கூடும்.

மாணவர்களே! நீங்களும் இத்துறையில் அடியெடுத்து வைக்க விரும்பின் சுருளில் தொடங்கற்க. வீட்டு மின்சாரத்தைத் தொடுதலும் ஆகாது. ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை, ஒரு சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு, 220 ஓம் மின்தடை ஒன்று ஆகியவை போதும். 5 வோல்ட் முனையில் விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட் கொள்ளும்; எஞ்சிய 3 வோல்ட் மின்தடையில் விழும்; ஆகவே பாயும் மின்னோட்டம் 14 மில்லி ஆம்பியருக்கும் குறைவு; அது முனை தாங்கும் எல்லைக்கு உட்பட்டது. இக்கணக்கை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். பின்னர் ஆசிரியர் முன்னிலையில் விளக்கை ஏற்றுங்கள். எழுதிய கணக்கின்படி ஒளி எரியும் அந்தக் கணத்தில் உண்டாகும் மகிழ்ச்சி, எந்த ஆட்டத்தில் வென்ற மகிழ்ச்சிக்கும் குறைந்ததன்று.

அங்குசம் ஏந்தியவரெல்லாம் பாகர் ஆவதில்லை. யானையை நடத்தத் தெரிந்திருப்பது ஒரு பாதி; நிறுத்தத் தெரிந்திருப்பது மறு பாதி. நுண்கட்டுப்படுத்தி நம் கையில் தந்திருப்பது பெரு விசையை ஏவும் உரிமை. ‘ஏற்றுக’ என்று எழுதும் பொழுதே ‘இறக்குக’ என்பதையும் எண்ணி எழுதுவோனே அவ்வுரிமைக்கு உரியவன் ஆவான்.